‘படம்: இணையம்’ என்று போட்டால் போதுமா? அனுமதியின்றிப் பகிரப்படும் படைப்பும் கலைஞர் செய்யக்கூடியதும்

முகநூல் பக்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓர் ஓவியமோ ஒளிப்படமோ பகிரப்படும்போது, அதன் அடியில் ‘படம்: இணையம்’ என்றோ ‘நன்றி: கூகுள்’ என்றோ ஒரு வரி இருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். எழுத்தாக இருந்தால் ‘படித்ததில் பிடித்தது’ என்று மேலே போட்டுவிடுவார்கள். இணையம் தூரிகை பிடிப்பதில்லை. கூகுள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் விடியலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அந்த வரியைப் போடுபவர் பெரும்பாலும் திருடும் எண்ணம் கொண்டவர் அல்லர். நன்றி சொல்ல வேண்டும் என்ற நாகரிகம் அவருக்கு இருக்கிறது, யாருக்குச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. தன் படம் அப்படி உலவுவதைப் பார்க்கும் கலைஞரோ, ‘இணையத்தில் போட்டாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்’ என்று கைவிட்டுவிடுகிறார். இல்லையென்றால், கண்ணில் பட்ட எல்லார் மீதும் வழக்குப் போடுவேன் என்று சீறுகிறார். பகிர்வு என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறுபட்ட செயல்கள் கிடக்கின்றன என்பதும், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான மறுவினை வேறு என்பதும் பேசப்படாததே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தியச் சட்டத்தை அடிப்படையாக வைத்து, ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞர்களையும் மனத்தில் கொண்டு அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

## வாசலில் போட்ட கோலம்

மார்கழி விடியலில் ஒரு பெண், தானே கற்பனை செய்த ஒரு புதுக் கோலத்தைத் தன் வாசலில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம், நின்று ரசிக்கலாம், பக்கத்து வீட்டாரிடம் புகழலாம். புள்ளிகளைச் சுற்றிவரும் அந்தப் பாணி பிடித்துப்போய், அதே பாணியில் வேறொரு கோலத்தை ஒருவர் தன் வாசலில் போட்டாலும் தவறில்லை. ஆனால் ஒருவர் அந்தக் கோலத்தை அப்படியே எடுத்து, கோலப் புத்தகம் என்று அச்சடித்துப் பேருந்து நிலையத்தில் விற்றால் அது வேறு விஷயம். வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பதால் கோலம் தெருவின் சொத்தாகிவிடாது.

இணையத்தில் படத்தை ஏற்றுவதும் இப்படித்தான். ஒரு படைப்பைப் படியெடுக்கவும், வெளியிடவும், மக்களிடம் கொண்டுசெல்லவும், மாற்றியமைக்கவும் அதன் உரிமையாளருக்கு மட்டும் சட்டம் தரும் அதிகாரத்துக்குப் பதிப்புரிமை என்று பெயர். (செய்தித்தாள்களில் இதையே ‘காப்புரிமை’ என்றும் எழுதுகிறார்கள், கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் உரிமைக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.) இந்தியாவில் இதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. பாணி, கருத்து, கருப்பொருள் ஆகியவற்றை இந்த உரிமை பாதுகாப்பதில்லை. அவற்றை நீங்கள் வெளிப்படுத்திய குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே பாதுகாக்கிறது. மெரினாவில் சூரியன் உதிப்பதை யாரும் படமெடுக்கலாம். நீங்கள் எடுத்த படத்தைத்தான் உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கை இது; இந்தியா 1928 முதல் அதன் உறுப்பு நாடு. அப்படியானால் பதிவு எதற்கு? பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல் நோக்கில் சான்றாக ஏற்றுக்கொள்ளும், அதைப் பொய் என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்குப் போகும். ஒரு கலைப்படைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். வணிகப் பொருளோடு சேர்த்துப் பயன்படும் படைப்பானால் 2000 ரூபாய். வரைந்த அனைத்தையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. விற்பனையாகும் படங்களை, அச்சுக்கும் பொருட்களுக்கும் போகக்கூடியவற்றைப் பதிவு செய்துவைத்தால் போதும் என்பது என் கருத்து. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய உத்தி, பதிவுக்கு ஈடாகாது.

இந்த உரிமை என்றென்றைக்கும் நீடிப்பதும் இல்லை. படைப்பாளர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் வரை அது தொடரும். 1906இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியத்தைப் பகிர யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால், பழைய காலண்டர் படம்தானே என்று பலரும் எடுத்துப் போடும் கோவில்பட்டி கொண்டையராஜுவின் ஓவியங்கள் அப்படியல்ல. அவர் 1976இல் மறைந்தவர் என்பதால், 2036 முடியும்வரை அவற்றின் மீது உரிமை இருக்கிறது.

## அந்த உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா?

சினம் கொள்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. படைப்பாளரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்குச் சில விலக்குகளை வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுத்த ஒளிப்படத்துக்கும் வரைந்த ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். திருமணத்துக்குப் படமெடுக்கும் கலைஞர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். மணமக்கள் கூலி கொடுத்து எடுக்கச் செய்த படத்தை அவர்கள் தங்கள் பக்கத்தில் பெயர் போடாமல் பகிர்ந்தால், ‘என் பதிப்புரிமையை மீறிவிட்டார்கள்’ என்று கலைஞர் சொல்ல முடியாது. மாறாக, மணமக்களின் சம்மதம் பெறாமல் அந்தப் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போடுவதற்குக் கலைஞர்தான் யோசிக்க வேண்டும். பதிப்பகத்துக்காகப் பணம் பெற்று வரைந்த அட்டை ஓவியத்துக்கும், நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு பணியின் பகுதியாக வரைந்த படங்களுக்கும் இதே நிலைதான். முன்பணம் வாங்கும்போதே, உரிமை என்னிடம் இருக்கும், இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தருகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். பல சண்டைகளில் கலைஞர் தோற்பது படம் வெளியான அன்றல்ல, அந்த இரண்டு வரியை எழுதாமல் விட்ட அன்றுதான்.

சமூக ஊடகத்தில் ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே, உரிமையைக் கைமாற்றுவதற்கும் உரிமம் தருவதற்கும் உள்ள வேறுபாடு. குறிப்பிட்ட பயன்பாட்டுக்காகத் தரப்படும் அனுமதியே உரிமம். இன்ஸ்டாகிராமிலோ முகநூலிலோ படத்தை ஏற்றும்போது நீங்கள் அந்த நிறுவனத்துக்கு ஒரு விரிவான உரிமம் தருகிறீர்கள், உரிமையாளராக நீடிக்கிறீர்கள். ஆகவே, அந்தத் தளத்திலேயே இருக்கும் பகிர்வுப் பொத்தானை ஒருவர் அழுத்துவது மீறல் ஆகாது. அது உங்கள் பெயரோடும் உங்கள் பக்கத்துக்கான வழியோடும் போகிறது. படத்தைப் பதிவிறக்கி, பெயரை வெட்டி, தன் பக்கத்தில் புதிதாக ஏற்றுவதுதான் மீறல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உரிமை பதிவினால் வருவதில்லை, படைத்ததால் வருகிறது, ஆனால் கூலிக்கு வரைந்ததில் அது உங்களிடம் இல்லாமலும் போகலாம், பொத்தானை அழுத்திப் பகிர்வதும் பதிவிறக்கி மறுபடி ஏற்றுவதும் ஒன்றல்ல.

## பறிபோனது எது?

ஒரு ரசிகர் உங்கள் ஓவியத்தைப் பெயர் சொல்லித் தன் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார். ஒரு மீம் பக்கத்தினர் கையொப்பத்தை வெட்டிவிட்டுத் தங்கள் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். ஒரு கட்சிக்காரர் நீங்கள் வரைந்த முகத்தின்மேல் துண்டு போர்த்திச் சுவரொட்டியாக்கியிருக்கிறார். ஒரு கடைக்காரர் அதைப் பனியனில் அச்சடித்து 399 ரூபாய்க்கு விற்கிறார். சட்டப்படி நான்குமே அனுமதியற்ற பயன்பாடுகளாக இருக்கலாம். ஆனால் இழப்பு ஒன்றல்ல. முதலாவதில் அனேகமாக இழப்பே இல்லை. இரண்டாவதில் பெயர் போயிற்று, மூன்றாவதில் படைப்பின் வடிவமும் பொருளும் போயின, நான்காவதில் பணம் போயிற்று.

பெயரும் வடிவமும் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இது நான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும் வகையில் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் சேர்ந்ததே தார்மீக உரிமை. சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் இந்த உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பாளரிடமே இருக்கும். இதற்கு இந்தியாவில் எல்லாரும் சுட்டும் வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. தில்லி விஞ்ஞான் பவனின் சுவரில் மத்திய அரசுக்காக அவர் அமைத்த பெரிய வெண்கலச் சிற்பத்தை, 1979இல் அவரைக் கேட்காமலே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அதில் பகுதிகள் சேதமாயின, சில காணாமலும் போயின. காசு கொடுத்து வாங்கியது அரசுதான். ஆனாலும், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டதோடு, எஞ்சிய சிற்பத்தையும் அவரிடமே திருப்பித் தரச் சொன்னது. முன்பகுதியில் சொன்ன அட்டை ஓவியரும் திருமணப் படக்காரரும் முழுக்கக் கைவிடப்பட்டவர்கள் அல்லர் என்பதற்கு இந்த 57ஆம் பிரிவே ஆதாரம்.

கையொப்பத்தை வெட்டுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படைப்பாளர் யார், உரிமையாளர் யார் என்று படைப்போடு சேர்த்து வைத்திருக்கும் விவரத்தை, அதிகாரமின்றித் தெரிந்தே நீக்குவதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாக்கியது. ஆகவே கையொப்பமும் வாட்டர்மார்க்கும் திருட்டைத் தடுக்கும் பூட்டு என்று நினைக்க வேண்டாம். அவை உடைக்கப்பட்டால் தடயம் காட்டும் அரக்கு முத்திரை.

## முதலில் சான்று, பிறகு பேச்சு

கோபத்தில் கலைஞர்கள் செய்யும் முதல் வேலை, அந்தப் பதிவின் கீழே போய்த் திட்டுவது. மறுமணி நேரத்தில் பதிவு அழிக்கப்படுகிறது, கூடவே சான்றும் அழிகிறது. பனியன் விற்றவரிடம் பணம் கேட்க வேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. எனவே யாரிடமும் பேசுவதற்கு முன், இணைய முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பக்கத்தின் லிங்க்கைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பொதுவில் திறந்திருக்கும் பக்கமானால், இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவையுங்கள். விற்பனை நடந்திருந்தால் ஒரு பனியனை வாங்கி ரசீதோடு வைத்திருப்பது நூறு ஸ்கிரீன்ஷாட்டுகளை விட வலுவானது. உங்கள் பக்கத்துச் சான்று, அந்தப் படத்தின் அடுக்குகள் பிரிந்திருக்கும் மூலக்கோப்பு, பென்சில் வரைவு, கேமராவின் மூலப்பதிவு ஆகியவை; இவை நகலெடுத்தவரிடம் இருக்கவே முடியாது. வழக்கு என்று வந்தால், மின்னணுச் சான்றுகளோடு, சான்றுகளுக்கான சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் தேவைப்படும். அதை அப்போது வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது பேச்சு. பெயர் மட்டும் விடுபட்ட இடங்களில், தனிச்செய்தியில் எழுதும் நான்கு வரிகள் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். ‘வணக்கம். நீங்கள் இன்று பகிர்ந்திருக்கும் ஓவியம் நான் வரைந்தது. மூலப் பதிவின் லிங்க் இது. என் பெயரையும் பக்கத்தையும் சேர்த்துவிட்டால் பகிர்வு தொடர்வதில் எனக்கு மகிழ்ச்சியே. இரண்டு நாளில் சேர்க்க இயலாவிட்டால் பதிவை நீக்கிவிடுங்கள்.’ இதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது இருக்கிறது. ‘கிரெடிட்ஸ் கொடுத்துவிட்டேனே’ என்று பனியன் கடைக்காரர் சொன்னால் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். பெயர் போடுவது பெயருக்கான கடனைத்தான் தீர்க்கும், பணத்துக்கான கடனைத் தீர்க்காது.

## நீக்கக் கோரிக்கை எப்படி வேலை செய்கிறது?

பேச்சுக்கு மசியாதபோது பலரும் ‘ரிப்போர்ட் அடி’ என்கிறார்கள். நண்பர்கள் ஐம்பது பேரைக் கொண்டு ரிப்போர்ட் அடித்தால் படம் போய்விடும் என்பது ஒரு நம்பிக்கை. பதிப்புரிமைப் புகார் அப்படி எண்ணிக்கையால் நகர்வதில்லை. அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு வணிக வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு கடைகள் இருக்கும் வளாகத்தில் ஒரு கடையில் திருட்டுப் பொருள் விற்கப்பட்டால், வளாகச் சொந்தக்காரரை உடனே குற்றவாளி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கடை, எந்தப் பொருள், அது யாருடையது என்று ஆதாரத்தோடு அவருக்குத் தெரிவித்த பிறகும் அவர் கண்டுகொள்ளாமல் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், அவரும் உடந்தை.

யூட்யூப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் போன்றவை இந்த வளாகச் சொந்தக்காரர்கள். பிறர் ஏற்றுவதைத் தாங்கிக் கடத்தும் இவற்றைச் சட்டம் இடையீட்டாளர் என்கிறது. அறியாதவரை பொறுப்பில்லை, அறிந்தபின் செயல்பட்டாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றுக்குக் கிடைக்கும் விலக்குதான் பாதுகாப்புப் புகலிடம். நீக்கக் கோரிக்கை என்பது தளத்துக்கு அந்த ‘அறிதலை’ உண்டாக்கும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு. இதனால்தான் ‘உங்கள் தளம் முழுக்க என் படங்கள் இருக்கின்றன’ என்ற புகார் எடுபடுவதில்லை. மைஸ்பேஸ் தளத்தின் வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பொதுவான ஐயம் போதாது, எந்தப் படைப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பான தகவல் வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஒவ்வொரு மீறலுக்கும் அதற்கான லிங்க் வேண்டும், சலிப்பான வேலைதான்.

இந்தியாவில், இணைப்புத் தருவது போன்ற பணிகளுக்காகப் படைப்பைத் தற்காலிகமாகச் சேமிக்கும் தளங்களுக்கு உரிமையாளர் எழுத்தில் புகார் தந்தால், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அந்த நிறுத்தம் 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் மீண்டும் திறந்துவிடலாம். நடைமுறையில் நாம் நிரப்பும் படிவங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியவை, ஏனென்றால் பெரிய தளங்கள் பலவும் அந்நாட்டினுடையவை. உங்கள் படைப்பு எது, மீறும் லிங்க் எது, உங்களைத் தொடர்புகொள்வது எப்படி, இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன் என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவற்றை அவை கேட்கும். புகார்தாரரின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரியவரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ‘இந்தப் புகார் தவறு’ என்று அவர் தளத்துக்குத் தரும் பதில், எதிர் அறிவிப்பு. அமெரிக்கச் சட்டப்படி அது வந்த பிறகு, நீங்கள் வழக்குத் தொடுத்ததாகத் தளத்துக்குத் தெரிவிக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் படம் மறுபடி ஏறிவிடும். தளம் நீதிபதி இல்லை. யார் சொல்வது உண்மை என்று அது தீர்ப்பளிப்பதில்லை, தன் விலக்கைக் காத்துக்கொள்ளும் வழியில் நடக்கிறது.

சுருக்கமாக: கோரிக்கை குறிப்பாக இருக்க வேண்டும், அதனால் கிடைப்பது நீக்கம் மட்டுமே, பணமோ மன்னிப்போ கிடைக்காது, நீக்கமும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது.

ஆளே தெரியாத கணக்குகள் இருக்கும் டெலிகிராம் போன்ற இடங்களில், ஒரு சேனலை மூடினால் மறுநாள் வேறு பெயரில் திறக்கிறார்கள். அங்கே 2022இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான அடி எடுத்துவைத்தது. போட்டித் தேர்வுப் பயிற்சி நூல்களை எழுதிய ஓர் ஆசிரியர், தன் நூல்களும் காணொளிகளும் டெலிகிராம் சேனல்களில் விற்கப்படுவதாக வழக்குத் தொடுத்தபோது, தங்கள் சர்வர்கள் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொன்ன நிறுவனத்தின் வாதத்தை ஏற்காமல், அந்தச் சேனல்களை நடத்துவோரின் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களை நீதிமன்றத்திடம் தரும்படி உத்தரவிட்டது.

## விட்டுவிட வேண்டிய இடங்கள்

உங்கள் கண்காட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதிய ஒருவர், தான் சொல்வதைக் காட்ட உங்கள் ஓவியம் ஒன்றைச் சேர்த்திருந்தால் அது மீறல் அல்ல. விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி, சொந்த ஆராய்ச்சி போன்றவற்றுக்காக அளவோடு பயன்படுத்துவதைச் சட்டம் நியாயமான கையாளல் என்று அனுமதிக்கிறது. விமர்சகரின் வாயை அடைக்க நீக்கக் கோரிக்கையைப் பயன்படுத்தும் கலைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே வருகிறது. நாளை இன்னொருவரை விமர்சிக்க அவர்களுக்கும் இதே உரிமை தேவைப்படும். சட்டப்படியும் அது ஆபத்தானது: ஆதாரமின்றி மிரட்டப்பட்டவர், பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின் கீழ் உங்கள் மீதே வழக்குத் தொடரலாம். அமெரிக்காவில் 2007இல் ஒரு தாய், பின்னணியில் பாட்டு ஒலிக்கத் தன் குழந்தை சமையலறையில் ஆடும் 29 விநாடிக் காணொளியை யூட்யூபில் ஏற்றினார்; பாடலின் உரிமையைக் கையாண்ட நிறுவனம் அதை நீக்கச் செய்தது. வழக்கு எட்டு ஆண்டுகள் இழுத்து, நீக்கக் கோருவதற்கு முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

பெயரோடு பகிரும் ரசிகரையும், நூறு பேர் பின்தொடரும் சிறு பக்கத்தையும் விட்டுவிடுவதில் இழப்பு குறைவு. அந்த நேரத்தைப் பனியன் கடைக்காரருக்குச் செலவிடலாம்.

## பணம் கேட்பது

வணிகப் பயன்பாட்டில் நீக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது, பெரும்பாலும் கடைக்காரருக்குச் செய்யும் உதவி; விற்ற வரை லாபம், பிடிபட்டால் நீக்கம் என்று அவர் தொழில் ஓடும். முன்கூட்டிக் கேட்டிருந்தால் என்ன கட்டணம் வாங்கியிருப்பீர்களோ அதை அடிப்படையாக வைத்து, பயன்பாட்டின் விவரத்தோடு ஒரு பில் அனுப்பலாம். மசியாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ்; அதன் பிறகு தடையாணை, இழப்பீடு, லாபக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு உரிமையியல் வழக்கு. நகலெடுத்தவர் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடம்தருகிறது. தஞ்சாவூர் ஓவியருக்கு இது சிறிய சலுகை அல்ல. இழப்பீடு கோரும் காலவரம்பு, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால், எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போவதை விட, தொகையைப் பொறுத்து முடிவெடுப்பதே நல்லது. 5,000 ரூபாய்க் கட்டணத்துக்காக நடத்தும் வழக்கில் வழக்கறிஞர் கட்டணமே அதைத் தாண்டிவிடும்.

## அடுத்த படத்தை ஏற்றும்போது

அச்சுக்குப் போதுமான பெரிய கோப்பை இணையத்தில் ஏற்ற வேண்டாம். திரைக்குப் போதுமான சிறிய அளவே போதும். கையொப்பத்தை, வெட்டினால் படமும் கெடும் இடத்தில் போடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, படத்தைக் கொண்டே தேட உதவும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ உங்கள் முக்கியமான படங்களைத் தேடிப் பாருங்கள். படத்தின் கீழே ‘பெயருடன் பகிரலாம், அச்சிடவும் விற்கவும் மாற்றவும் எழுத்தில் அனுமதி தேவை’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், நல்லெண்ணம் உள்ளவர்களுக்கு வழி தெரியும், மற்றவர்களுக்கு ‘தெரியாது’ என்று சொல்ல வாய்ப்பிருக்காது. இதையே முறைப்படுத்திய வடிவங்களில் தருபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பதிலிருந்து, வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்பது வரை அவற்றில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள். அப்படித் தந்த அனுமதியை, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியவரிடமிருந்து பின்னர் திரும்பப் பெற முடியாது.